பிளஸ் ஒன் சேர்க்கை: உயிரியல் பிடித்த பெண்ணுக்குக் கணிதமும் வேண்டுமா?

சேந்தமங்கலம் தந்தை:

அனைவருக்கும் வணக்கம். நாமக்கல் மாவட்டம் சேந்தமங்கலத்துக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூரில் வசிக்கிறோம். நான் ஒரு கோழிப்பண்ணையில் மேற்பார்வையாளராக வேலை செய்கிறேன். என் மகள் எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 500-க்கு 452 மதிப்பெண் பெற்றிருக்கிறாள். தமிழ் 94, ஆங்கிலம் 86, கணிதம் 78, அறிவியல் 97, சமூக அறிவியல் 97.

எங்கள் ஊர்ப் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிந்துவிடுவதால், பிளஸ் ஒன் படிக்க அவள் எப்படியும் வேறு பள்ளிக்குப் போயாக வேண்டும். டவுனில் இருக்கும் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல்-கணிதம், தாவரவியல்-விலங்கியல், வணிகவியல் ஆகிய மூன்று குரூப்புகளும் இருக்கின்றன. இதற்கிடையே தனியார் விடுதிப் பள்ளி ஒன்று, இவளுடைய மதிப்பெண்ணைப் பார்த்து, கட்டணத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டு நீட் பயிற்சியோடு சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது.

மகளுக்கு விலங்கியலில் ஈடுபாடு அதிகம். பண்ணைக்குக் கால்நடை மருத்துவர் வரும் நாட்களில் தானும் வந்து நின்று கேள்வி கேட்பாள். கணிதத்தில் வெறுப்பு இல்லை, ஆனால் அதில் விருப்பத்தோடு உட்காருவதும் இல்லை. உறவினர்கள் எல்லோரும் ஒரே குரலில் "பயாலஜி-மேத்ஸ் எடுத்தால் இரண்டு பக்கமும் வழி இருக்கும்" என்கிறார்கள். எந்தக் குரூப், எந்தப் பள்ளி, வகுப்பு தொடங்குவதற்கு முன் வீட்டில் எதைப் படிக்க வைப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்:

வணக்கம் ஐயா. தங்கள் மகளுக்கு என் வாழ்த்துகள். நீங்கள் கேட்ட வரிசையை மாற்றி, பள்ளியைப் பற்றி முதலில் சொல்கிறேன். குரூப்பை மாற்றிக்கொள்ளப் பள்ளி திறந்த பிறகும் சில நாட்களாவது அவகாசம் கிடைக்கும். ஆனால் அரசுப் பள்ளியை விட்டு வெளியேறுவதால் இழக்கும் உரிமைகள் பிறகு எந்த மனுவாலும் திரும்பி வராது.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு முன்னுரிமை இடங்கள் 2020-இல் சட்டமாக்கப்பட்டன. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய தொழிற்படிப்புகளுக்கு 2021-இல் அதே அளவு இடங்கள் ஒதுக்கப்பட்டன. இதற்கான அடிப்படைத் தகுதி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பது. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இதில் அடங்கும். அரசு உதவிபெறும் பள்ளிகள் அடங்கா. உங்கள் மகள் ஐந்து ஆண்டுகளை ஏற்கெனவே முடித்துவிட்டாள். எஞ்சிய இரண்டு ஆண்டுகளைத் தனியார் பள்ளியில் கழித்தால் அந்த ஐந்து ஆண்டுகளும் கணக்கில் வராது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்தப் பள்ளி குறைப்பதாகச் சொல்லும் பாதிக் கட்டணம் இதனோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டமும் 2022 முதல் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்காக நடைமுறையில் இருக்கிறது.

மதிப்பெண்ணைப் பற்றி ஒரு சொல். அறிவியலில் 97 என்பது மகிழ்ச்சிக்குரியது, ஆனால் அதை வைத்து இயற்பியலையும் எளிதாகச் சமாளிப்பாள் என்று முடிவுகட்ட வேண்டாம். பத்தாம் வகுப்பு அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு உரியது. மீதி 75-ஐ இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் பங்கிட்டுக்கொள்கின்றன. உயிரியலில் முழுமையாகவும் இயற்பியலில் கோட்பாட்டை மனப்பாடமாகவும் எழுதி 97 வாங்கிவிட முடியும். நான் வகுப்பெடுத்த காலத்தில், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைவிட, இயக்க விதிகள் பாடத்திலிருந்து இரண்டு கணக்குகளைக் கரும்பலகையில் போடச் சொல்வதுதான் எனக்கு அதிகம் தெரிவித்தது. வீட்டிலேயே அந்தச் சோதனையைச் செய்து பாருங்கள்.

சேலம் பொறியாளர்:

பள்ளியைப் பற்றி ஆசிரியர் ஐயா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. குரூப்பைப் பொறுத்தவரை, உங்கள் உறவினர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றே கருதுகிறேன். பதினைந்து வயதில் ஒரு பெண்ணுக்கு இருக்கும் விருப்பம் பதினேழு வயதில் அப்படியே இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. கணிதத்தை விட்டுவிட்டால் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு அடைபட்டுவிடும். அங்கே தரவரிசைக்குக் கணக்கிடும் 200 மதிப்பெண் கட்-ஆஃபில் பாதி, அதாவது 100 மதிப்பெண், கணிதத்திலிருந்துதான் வருகிறது. புள்ளியியல், கட்டடக்கலை, கடற்படை மற்றும் விமானப்படை அதிகாரித் தேர்வு, இவை எல்லாம் கணிதம் கேட்பவை. உயிரியல்-கணிதம் எடுத்தவளுக்கு மருத்துவமும் உண்டு, பொறியியலும் உண்டு.

மேலும், கால்நடைத் துறையையே எடுத்துக்கொள்வோம். கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவப் பட்டமான பி.வி.எஸ்சி. மட்டும் இல்லை, உணவுத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம் ஆகிய பி.டெக். படிப்புகளும் உள்ளன. அவற்றுக்குக் கணிதம் வேண்டும். வேளாண் பொறியியலுக்கும் அப்படியே. மருத்துவத்துக்கு முயன்று இடம் கிடைக்காத பிள்ளைகள் இந்த வழிகளில் திரும்பிக்கொள்வதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

கணிதத்தில் 78 என்பது பயப்பட வேண்டிய மதிப்பெண்ணும் இல்லை. நல்ல ஆசிரியர் கிடைத்தால் அது 90 ஆகிவிடும்.

ஒரு கூடுதல் தகவல், இந்த இழையைப் படிக்கும் பிற பெற்றோருக்காக: கம்ப்யூட்டர் பொறியியல் படிக்கப் பிளஸ் ஒன்னில் கணினி அறிவியல் குரூப் எடுத்தே ஆக வேண்டும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு. கணிதம், இயற்பியல், வேதியியல் இருந்தால் போதும். நான்காவது பாடம் உயிரியலாக இருந்தாலும் தடை இல்லை.

கோவை தாவரவியல்:

சேலம் நண்பர் "மருத்துவமும் உண்டு, பொறியியலும் உண்டு" என்று எழுதியதைப் படித்தேன். கதவு திறந்திருப்பதாலேயே அதன் வழியாக நுழைந்துவிட முடியும் என்று ஆகிவிடாது. நான் ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிறேன். எங்கள் முதலாமாண்டு வகுப்பில் சேரும் மாணவிகளில் கணிசமானோர் உயிரியல்-கணிதக் குரூப்பிலிருந்து, பொறியியலுக்குப் போதிய கட்-ஆஃபும் இல்லாமல், மருத்துவத்துக்குப் போதிய நீட் மதிப்பெண்ணும் இல்லாமல் வந்தவர்கள். கெட்டிக்காரப் பெண்கள்தான். இரண்டு ஆண்டுகளும் நான்கு கனமான பாடங்களுக்கு நடுவே நேரத்தைப் பகிர்ந்து பகிர்ந்து, எதிலும் ஆழமாக இறங்க முடியாமல் போனவர்கள்.

கணக்கை நேராகப் பார்ப்போம். நீட் தேர்வின் 720 மதிப்பெண்களில் உயிரியலுக்கு 360, இயற்பியலுக்கு 180, வேதியியலுக்கு 180. கணிதம் என்று ஒரு கேள்வியும் இல்லை. பி.வி.எஸ்சி.யில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கூடத் தேவையில்லை. பிளஸ் டூ மதிப்பெண்தான். அந்தக் கட்-ஆஃபிலும் உயிரியலுக்கு 100, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 100. அங்கே கணித மதிப்பெண் 60 ஆனாலும் 95 ஆனாலும் ஒன்றுதான். ஆனால் அந்த 60-ஐ 95 ஆக்க மாணவி செலவிடும் நேரம் உயிரியலிலிருந்தும் இயற்பியலிலிருந்தும்தான் எடுக்கப்படுகிறது. நாமக்கல்லிலேயே 1985-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மகளுடைய கண் அங்கே இருக்குமானால், தாவரவியல்-விலங்கியல் குரூப் அதற்கு நேரான பாதை.

இன்னொரு வேறுபாடு பலருக்குத் தெரிவதில்லை. உயிரியல்-கணிதக் குரூப்பில் தாவரவியலும் விலங்கியலும் ஒரே தாளாக, பாதிப் பாதியாக வரும். தூய அறிவியல் எனப்படும் தாவரவியல்-விலங்கியல் குரூப்பில் இரண்டும் தனித்தனி 100 மதிப்பெண் பாடங்கள், தனித்தனிப் புத்தகங்கள், தனித்தனிச் செய்முறை. விலங்கியலில் உண்மையான ஈடுபாடு உள்ள ஒரு பெண்ணுக்கு இது சுமையாக இருக்காது.

சேலம் நண்பர் சொன்ன பி.டெக். படிப்புகள் போய்விடும் என்பது உண்மை. எதையும் இழக்காமல் எடுக்கக்கூடிய குரூப் என்று ஒன்று இல்லை. உயிரியல்-கணிதம் எடுப்பவர் இழப்பதைப் பட்டியலில் காட்ட முடியாது என்பதால் யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

ராசிபுரம் பெற்றோர்:

இங்கே தனியார் விடுதிப் பள்ளியை ஒரேயடியாக ஒதுக்கிவிட்டார்கள் என்பதால் எழுதுகிறேன். என் மகன் அத்தகைய பள்ளி ஒன்றில்தான் படித்தான். காலை ஐந்து மணிக்கு எழுப்பி, இரவு பத்து மணி வரை மேற்பார்வையில் வைத்திருந்தார்கள். வாரந்தோறும் தேர்வு நடந்தது; ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கிறது என்ற பேச்சே அங்கு எழவில்லை. அரசுப் பள்ளிகளில் இயற்பியலுக்கு முதுகலை ஆசிரியர் பாதி ஆண்டு வரை வராமல் போனதை எங்கள் பகுதியில் பார்த்திருக்கிறோம். ஒதுக்கீடு கையில் இருந்தாலும் அதற்குத் தேவையான மதிப்பெண்ணைப் பிள்ளை எடுத்தாக வேண்டும் அல்லவா? ஒதுக்கீட்டை நம்பி, பாடம் நடக்காத வகுப்பில் இரண்டு ஆண்டுகள் உட்கார வைப்பது எந்த வகையில் பாதுகாப்பு?

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்:

ராசிபுரம் நண்பரின் கேள்வி நேர்மையானது. எனவே சேந்தமங்கலம் ஐயா அந்த மகளிர் பள்ளிக்கு நேரில் சென்று, இயற்பியல், வேதியியல், விலங்கியல் மூன்றுக்கும் முதுகலை ஆசிரியர்கள் இப்போது பணியில் இருக்கிறார்களா, ஆய்வகம் வாரந்தோறும் திறக்கப்படுகிறதா என்று கேட்க வேண்டும். தலைமையாசிரியரிடம் கேட்பதோடு, அங்கே பிளஸ் டூ படிக்கும் இரண்டு பிள்ளைகளிடமும் கேளுங்கள். பணியிடம் காலியாக இருந்தால், மற்றோர் அரசுப் பள்ளியைத் தேடுவது முதல் வழி. தனியார் பள்ளி அதற்கும் பிறகுதான்.

அதே அளவு கண்டிப்பான கேள்வி ஒன்றை அந்தத் தனியார் பள்ளியிடமும் கேட்க வேண்டும்: பிளஸ் ஒன் பாடத்தை முழு ஆண்டும் நடத்துகிறீர்களா? இதன் பின்னணி தெரியாதவர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். ஒரு காலத்தில் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கிடையாது என்பதால், பல தனியார் பள்ளிகள் அந்த ஆண்டின் பாடத்தைப் பெயருக்கு முடித்துவிட்டு, இரண்டு ஆண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்தன. மதிப்பெண் குவிந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகள் பொறியியல் முதலாமாண்டில் அடிப்படையே தெரியாமல் திணறினார்கள், நீட், பொறியியலுக்கான ஜே.இ.இ. போன்ற தேர்வுகளில் பதினொன்றாம் வகுப்புப் பகுதியைத் தொட முடியாமல் விட்டார்கள். அதைத் திருத்தத்தான் 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள், 1,200 மதிப்பெண் முறையை 600 ஆக மாற்றினார்கள். பிள்ளைகளின் மன அழுத்தத்தைக் காரணம் காட்டி, 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையின்படி, அந்தப் பொதுத்தேர்வு 2025-26 முதல் கைவிடப்பட்டது. அழுத்தம் குறைவது நல்லதுதான். ஆனால் பழைய பழக்கம் திரும்பிவர இப்போது தடை எதுவும் இல்லை என்பதைப் பெற்றோர் உணர வேண்டும். நீட் பாடத்திட்டத்தில் ஏறத்தாழப் பாதி பதினொன்றாம் வகுப்பைச் சேர்ந்தது. விலங்கியலில் உடற்செயலியல் முழுவதும், இயற்பியலில் இயந்திரவியல் முழுவதும் அங்கேதான் இருக்கின்றன. பிளஸ் ஒன்னைத் தாண்டிக் குதிக்கும் பள்ளி, நீட் பயிற்சி தருவதாகச் சொல்வது எனக்கு விளங்கவில்லை.

விருதுநகர் தணிக்கையாளர்:

அந்தப் பெண்ணுக்கு விலங்கியல் பிடிக்கிறது என்று தந்தையே சொல்லிவிட்டதால் அவளுக்கு வணிகவியலைப் பரிந்துரைக்கப் போவதில்லை. ஆனாலும் 450-க்கு மேல் வாங்கிய பிள்ளை வணிகவியல் பக்கம் திரும்பினால் வீட்டில் துக்கம் விசாரிக்க வருகிறார்கள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பட்டயக் கணக்காளர் படிப்பின் முதல்நிலைத் தேர்வைப் பிளஸ் டூ முடித்தவுடன் எழுதலாம். அதில் கணக்கியல், வணிகச் சட்டம், பொருளியல் ஆகியவற்றோடு கணிதமும் புள்ளியியலும் ஒரு தாளாக இருப்பதால், வணிகக் கணிதம் உள்ள வணிகவியல் குரூப்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இந்த இழையை வேறு பெற்றோரும் படிப்பார்கள் என்பதற்காக இதைப் பதிவு செய்கிறேன்.

சேந்தமங்கலம் தந்தை:

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. மகளிர் பள்ளிக்கு நேற்று சென்றுவந்தோம். மூன்று பாடங்களுக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வேதியியல் ஆசிரியை மட்டும் இவ்வாண்டு இடமாறுதல் கலந்தாய்வில் மாறிப்போக வாய்ப்புண்டு என்று ஒரு மாணவி சொன்னாள். தனியார் பள்ளியில் பிளஸ் ஒன் பாடத்தைப் பற்றி ஆசிரியர் ஐயா சொன்னபடி கேட்டேன். "அதெல்லாம் கவர் பண்ணிடுவோம் சார்" என்பதற்கு மேல் பதில் கிடைக்கவில்லை. அரசுப் பள்ளி என்பதில் வீட்டில் ஒருமனதாக இருக்கிறோம்.

புதிய குழப்பம் ஒன்று எழுந்திருக்கிறது. அங்கே ஆங்கிலவழிப் பிரிவும் இருக்கிறது. "இப்போதே மாறிவிடுங்கள், கல்லூரியில் எல்லாம் ஆங்கிலம்தான்" என்கிறார் ஒருவர். "தமிழ்வழிச் சலுகை போய்விடும், மாறவே கூடாது" என்கிறார் இன்னொருவர். இதில் எது சரி?

கோவை தாவரவியல்:

இரண்டு பேரும் பாதி உண்மையைச் சொல்கிறார்கள்.

தமிழ்வழியில் படித்தோருக்கு அரசுப் பணி நியமனத்தில் 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் சட்டம் 2010-இல் வந்து, 2020-இல் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்துக்குப் பிறகு, ஒரு பணிக்கு எந்தக் கல்வித் தகுதி கேட்கப்படுகிறதோ, ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தத் தகுதி வரை முழுவதும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பைத் தகுதியாகக் கொண்ட பணிகளைப் பொறுத்தவரை, தங்கள் மகள் தொடக்கப் பள்ளியிலும் தமிழ்வழியில் படித்திருந்தால், அந்த உரிமை ஏற்கெனவே கையில் இருக்கிறது. பிளஸ் ஒன்னில் மொழி மாறினாலும் அது போகாது. பட்டப்படிப்பைக் கேட்கும் பணிகளுக்குப் பட்டமும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். கால்நடை மருத்துவம் ஆங்கிலத்தில்தான் கற்பிக்கப்படுகிறது என்பதால் அந்தப் பாதையில் போகிறவருக்கு அந்த வகைச் சலுகை எப்படியும் வராது. ஆனால் திட்டம் மாறி, பி.ஏ., பி.எஸ்சி. படிப்பைத் தமிழ்வழியில் படித்துக் குரூப் 2 போன்ற அரசுப் பணித் தேர்வுகளை எழுதும் எண்ணம் பிறகு வந்தால், இடையில் இரண்டு ஆண்டு ஆங்கிலவழியில் படித்தது இடிக்கும். 7.5 விழுக்காட்டுக்கும் பயிற்று மொழிக்கும் தொடர்பு இல்லை; அரசுப் பள்ளியின் ஆங்கிலவழிப் பிரிவும் அரசுப் பள்ளிதான்.

படிப்பின் பக்கமிருந்து பார்த்தால், பத்து ஆண்டுகள் தமிழில் சிந்தித்த பிள்ளையை, பாடத்தின் கனம் கூடுகிற அதே ஆண்டில் மொழியையும் மாற்றச் சொல்வது சரியான நேரம் என்று எனக்குத் தோன்றவில்லை. சவ்வூடு பரவலைத் தமிழில் புரிந்துகொண்டவள் அதன் ஆங்கிலப் பெயரை ஒரு நிமிடத்தில் கற்றுக்கொள்வாள். தமிழ்வழிப் பிரிவிலேயே இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு பாடத்தின் கலைச்சொற்களையும் ஆங்கிலத்தோடு இணைத்து ஒரு குறிப்பேட்டில் எழுதிவரட்டும். அதே பாடத்தின் ஆங்கிலவழிப் புத்தகத்தையும் பாடநூல் கழக இணையதளத்திலிருந்து இலவசமாக இறக்கி வைத்துக்கொள்ளட்டும். நீட்டைத் தமிழில் எழுதலாம், ஆனால் மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வினாவே இறுதியானது. 2018-இல் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் பிழை என்று வழக்காகி, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் வழங்கச் சொன்னதும், உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்ததும் பலருக்கு நினைவிருக்கும். எனவே தமிழில் எழுதுகிறவளும் ஆங்கில வினாவைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தவளாக இருக்க வேண்டும்.

தூய அறிவியல், பிளஸ் டூ:

பெரியவர்கள் பேசும் இடத்தில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். நான் தருமபுரி மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஒன்றில் தாவரவியல்-விலங்கியல் குரூப்பில் பிளஸ் ஒன் முடித்து, இப்போது பிளஸ் டூ போகிறேன். அந்தத் தங்கைக்கு உதவும் என்று சிலவற்றைச் சொல்கிறேன், ஐயா.

"கணக்கு இல்லாத குரூப்" என்று நினைத்துக்கொண்டு யாரும் வரக் கூடாது. இயற்பியலில் இரண்டாவது பாடமே இயக்கவியல். அதில் வெக்டரும் வகையீடும் தொகையீடும் வந்துவிடும். கணிதக் குரூப் எடுத்தவர்களுக்கே அவர்களுடைய கணிதப் புத்தகத்தில் வகையீடும் வெக்டரும் இரண்டாம் தொகுதியில், ஆண்டின் பிற்பகுதியில்தான் வருகின்றன. எங்களுக்கோ வரவே வராது. எங்கள் இயற்பியல் ஆசிரியர் முதல் இரண்டு வாரம் பாடத்தைத் தொடாமல் இதை மட்டும் நடத்தியதால் நாங்கள் பிழைத்தோம். பக்கத்துப் பிரிவில் அப்படி நடத்தவில்லை. அவர்களில் பலர் காலாண்டுத் தேர்வு வரை சூத்திரத்தை மனப்பாடம் செய்துதான் எழுதினார்கள். எனவே விடுமுறையில் தங்கை பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தை மூட்டை கட்டிவிடக் கூடாது. முக்கோணவியல், ஆயத்தொலை வடிவியல், அடுக்குக்குறி விதிகள், பின்னங்களை மாற்றிப் போடுவது, இவை கைவர வேண்டும். மடக்கை தெரியாதென்றால் அதையும் யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம்.

வேதியியலில் முதல் பாடம் மோல் கணக்கு. பத்தாம் வகுப்பில் அணுக்களும் மூலக்கூறுகளும் பாடத்தில் படித்ததன் தொடர்ச்சிதான் அது. அந்த ஒரு பாடத்தை மறுபடி படித்து, எல்லாக் கணக்கையும் பார்க்காமல் போட்டால், ஜூன் மாதம் பயமில்லாமல் போகும். இரண்டாவது பாடம் குவாண்டம் இயக்கவியல் அணு மாதிரி. அது முதல் தடவை யாருக்கும் புரியாது என்று எங்கள் ஆசிரியையே சொல்லிவிட்டார், அதனால் அழத் தேவையில்லை.

உயிரியல் பிடித்தவர்களுக்கு ஒரு ஆபத்து இருக்கிறது. படிக்க உட்கார்ந்தால் கை தானாக விலங்கியல் புத்தகத்துக்குப் போகும். நான் மாலையில் முதலில் இயற்பியல் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் மற்றதைத் திறப்பது என்று வைத்துக்கொண்டேன். பத்தாம் வகுப்பில் 490 வாங்கியவர்களும் முதல் இடைத்தேர்வில் 50, 60 வாங்கியதைப் பார்த்தேன். அந்த மதிப்பெண்ணைப் பார்த்து வீட்டில் திட்டினால் பிள்ளைகள் அடுத்த மாதமே டியூஷன் டியூஷனாக ஓடத் தொடங்குகிறார்கள். பள்ளிப் பாடத்தைப் படிக்க அதன்பின் நேரமே இருப்பதில்லை.

சேலம் பொறியாளர்:

தங்கை எழுதியதே என் வாதத்துக்குச் சான்றாக அமைகிறது: இயற்பியலுக்குக் கணிதம் தேவை என்றால், கணிதத்தை முறையாக ஒரு பாடமாகவே எடுத்துக்கொள்வதுதானே நல்லது? இருப்பினும், விலங்கியலில் இவ்வளவு தெளிவான ஈடுபாடு உள்ள ஒருவருக்கும், எதிலும் இன்னும் தெளிவு வராத ஒருவருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது என்பதை ஏற்கிறேன். தெளிவு வராத பிள்ளைக்கு உயிரியல்-கணிதம்தான் சரி என்ற என் கருத்தில் மாற்றமில்லை. இந்தப் பெண்ணின் விஷயத்தில் அவளிடமே ஒருமுறை கேட்டுவிடுங்கள். இதுவரை எழுதியவர்களில் அவள் குரல் மட்டும்தான் இங்கே இல்லை.

கோவை தாவரவியல்:

சேலம் நண்பருக்கு ஒரே ஒரு மறுப்பு. இயற்பியலுக்குத் தேவைப்படும் கணிதம் சில வாரங்களில் கற்கக்கூடியது; பிளஸ் டூ கணிதத் தாளுக்குத் தேவைப்படும் கணிதம் இரண்டு ஆண்டு உழைப்பு. இரண்டையும் ஒன்றாக்க முடியாது.

சேந்தமங்கலம் தந்தை:

நண்பர் சொன்னபடி மகளையே உட்காரவைத்து, இந்த இழை முழுவதையும் படிக்கச் சொன்னோம். ஆசிரியர் ஐயா சொன்ன சோதனையையும் செய்தோம்: இயக்க விதிகள் பாடத்தில் நான்கு கணக்குகளைக் கொடுத்தேன், மூன்றைச் சரியாகப் போட்டாள், நான்காவதில் அலகு மாற்றுவதில் தவறிவிட்டாள்.

அவள் தாவரவியல்-விலங்கியல் குரூப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள், தமிழ்வழியில். அவள் சொன்ன காரணம் நாங்கள் யாரும் யோசிக்காதது. பி.டெக். படிப்பு எதுவும் வேண்டாமா என்று கேட்டபோது, "கால்நடை மருத்துவம் கிடைக்கவில்லை என்றாலும் விலங்கியல்தான் படிப்பேன், அப்புறம் எதற்கு அப்பா கணக்கு?" என்றாள். அவளுடைய அம்மாவுக்கு இன்னும் முழு மனம் இல்லை. மூத்த மாமா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். ஏற்கெனவே நிறைய விண்ணப்பங்கள் வந்துவிட்டதாகவும், தூய அறிவியலில் இடம் நிரம்பினால் வேறு குரூப்பில்தான் சேர்க்க முடியும் என்றும் பள்ளியில் சொன்னார்கள். என்ன செய்வது?

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்:

காத்திருக்க வேண்டாம். மாற்றுச் சான்றிதழ் கைக்கு வரவில்லை என்றாலும், தற்காலிக மதிப்பெண் பட்டியலோடு விண்ணப்பத்தை நாளையே கொடுத்து, விருப்ப வரிசையில் தூய அறிவியலை முதலிலும் உயிரியல்-கணிதத்தை இரண்டாவதாகவும் எழுதுங்கள். 452 மதிப்பெண்ணுக்கு அந்தக் குரூப்பில் இடம் கிடைக்காமல் போவது அரிது; பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் முதலில் நிரம்புவது உயிரியல்-கணிதமும் கணினி அறிவியலும்தான். அப்படியே இரண்டாவது விருப்பத்தில் சேர நேர்ந்தாலும், இடம் காலியாகும்போது மாற்றித் தரும்படி தலைமையாசிரியருக்கு அன்றே எழுத்து மூலம் ஒரு கடிதம் கொடுத்து வையுங்கள். முதல் மாதத்தில் பிள்ளைகள் பள்ளி மாறுவதும் பாலிடெக்னிக்குக்குப் போவதும் வழக்கம். எங்கள் பள்ளியில் எல்லா ஆண்டும் அப்படி இடங்கள் காலியாகும்.

கூடவே ஒரு வேலையை முடித்துவிடுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில், தமிழ்வழியில் படித்ததற்கான சான்றைப் பழைய பள்ளியின் தலைமையாசிரியரிடம் கையொப்பமும் முத்திரையும் பெற்று வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்பு வரை படித்த தொடக்கப் பள்ளியிலும் அவ்வாறே. பிளஸ் டூ முடிவு வந்து கலந்தாய்வு விண்ணப்பத்தின் கடைசி நாட்களில் இதற்காக அலைகிற பெற்றோரை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். தலைமையாசிரியர் மாறிப்போயிருப்பார், பதிவேடு பீரோவில் இருக்கும், பீரோ சாவி யாரிடமோ இருக்கும்.

வேதியியல் ஆசிரியை மாறுதலில் போனால் இங்கே எழுதுங்கள். நாமக்கல்லில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் இருக்கிறார்கள். வாரம் ஒருநாள் வந்து மோல் கணக்கு நடத்தித் தருவார்கள்.